கலியாணக் கசெற்றும் ஒரு கணக்காளரின் கஞ்சத்தனமும்

(பழைய வீட்டு வீடியோக்களைத் தரம் குறையாமல் டிவிடியில் பதிவது பற்றி எமது வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் வருமான வரி, வீட்டுக் கடன், ஓய்வூதியம் என்று காசு விடயங்களைத்தான் உங்களோடு பேசுவேன். இன்றைக்கு வேறொரு கணக்கு.

சென்ற மாதம் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு கலையகத்தை விட்டு வெளிக்கிடும்போது ஓர் அம்மா தொலைபேசியில் காத்திருந்தார். "தம்பி, மகளின்ர சாமத்தியவீட்டுக் கசெற், மூத்தவன்ர கலியாணக் கசெற் எண்டு நாலு கிடக்குது. பேரன் எல்லாத்தையும் ஒரே டிவிடியில போட்டுத் தந்தான். ரி.வி.யில போட்டுப் பார்த்தால் ஆக்களின்ர முகம் வடிவாய்த் தெரியேல்லை. சதுரம் சதுரமாய்க் கிடக்குது. இனிக் கசெற்றை எறியட்டோ எண்டு கேக்கிறான். நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார்.

"அம்மா, முதல் வேலையாய் அந்தக் கசெற்றை எறியாமல் எடுத்து வையுங்கோ" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற ஒலிப்பதிவாளர் திரும்பிப் பார்த்தார். நான் ஏன் அப்படிப் பதறினேன் என்பதைச் சொன்னால், டிவிடியில் தரமாகப் பதிவது எப்படி என்பதையும் சொன்னதாகிவிடும். ஏனென்றால் செய்யக்கூடாத பிழை எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தவன் நான்.

1994 ஆம் ஆண்டு என் தங்கச்சியின் கலியாணம் கொழும்பில், வெள்ளவத்தையில் நடந்தது. நான் அப்போது இங்கே ரொறன்ரோவில் அகதிக் கோரிக்கை முடிவுக்காகக் காத்திருந்தேன். போக வழியில்லை. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்து, வவுனியா வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்து மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். கலியாணம் முடிந்த கையோடு வந்த வழியே திரும்பிப் போனார். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது அவரும் நடந்தார். 1996 இல் வன்னியில் காலமானார். வீட்டிலிருந்த புகைப்படங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மா நடந்து, திரும்பி, வாய் திறந்து பேசுவதை நான் பார்க்கக்கூடிய ஒரே இடம் அந்தக் கலியாண வீடியோதான்.

அந்த வீடியோ இரண்டு கசெற். ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் தங்கச்சி ஒரு கொப்பி கொடுத்தனுப்பினாள். இங்கே டெக்கில் போட்டால் படம் உருளுகிறது, நிறமில்லை. இலங்கையில் பாவிப்பது 'பால்' முறை. குடிக்கிற பால் இல்லை, ஒளிபரப்பு முறையின் பெயர். கனடாவிலும் அமெரிக்காவிலும் பாவித்தது 'என்.ரி.எஸ்.சி.' முறை. ஒன்றின் கசெற்றை மற்றதன் சாதாரண டெக் வாசிக்காது. அந்தக் காலத்தில் மாற்றிக் கொடுக்கும் கடைகள் இருந்தன. கடைக்காரர் "இரண்டு கசெற்றில் போடவோ, ஒன்றில் போடவோ?" என்று கேட்டார். நான் கணக்குப் பார்த்தேன். ஒன்றில் போட்டால் ஒரு கசெற் காசு மிச்சம். "ஒன்றிலேயே போடுங்கோ" என்றேன். ஆகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, இரண்டு மணித்தியாலக் கசெற்றில் ஆறு மணித்தியாலத்தையும் அடைத்துக் கொடுத்தார். கொழும்பிலிருந்து வந்த கொப்பியை ஊரிலிருந்து வந்த வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன், அவர்கள் வேறு படம் பதியட்டும் என்று.

2005 இல் டிவிடி பதியும் பெட்டி ஒன்று வாங்கினேன். அதிலும் ஒரு மணித்தியாலம், இரண்டு, நான்கு, ஆறு என்று தெரிவுகள் இருந்தன. நான் ஆறைத் தெரிவு செய்தேன். ஒரே இறுவட்டில் முழுக் கலியாணமும்! பெரிய கெட்டித்தனம் என்று நினைத்தேன். அடுத்த வருடம் வீடு மாறும்போது கசெற்றையும் எறிந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் பெரிய ரி.வி. வாங்கி அதில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மணவறையில் ஆட்கள் அசையாமல் இருக்கும்வரை படம் பரவாயில்லை. மூன்றாவது மணித்தியாலத்தில், மண்டபத்துச் சமையற்கட்டு வாசலில் அம்மா நிற்கிறார். கமெராவைப் பார்த்துத் திரும்பி ஏதோ சொல்கிறார். அவர் திரும்பிய உடனே முகம் சதுரங்களாக உடைகிறது. கண் எது, வாய் எது என்று தெரியாது. மீண்டும் அசையாமல் நிற்கும்போது முகம் கூடி வருகிறது. அதற்குள் கமெரா அடுத்த ஆளிடம் போய்விடுகிறது.

இதற்கு டிவிடிப் பெட்டியைக் குறை சொல்லமுடியாது. நான் கொடுத்த இடத்துக்குள் அது செய்யக்கூடியதைச் செய்தது. இந்தக் கணக்கு விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும். எனவே கணக்காளனாகச் சொல்கிறேன், பேப்பர் பேனை இருந்தால் எடுங்கள்.

சாதாரண ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிகாபைற் இடம் இருக்கிறது. ஒரு பைற்றுக்கு எட்டு பிற். அப்படியானால் ஏறத்தாழ 37,600 மெகாபிற். இதுதான் உங்கள் கையிருப்பு. இதற்கு மேல் ஒரு சதமும் கிடைக்காது. இனி இதை ஓட்ட நேரத்தால் பிரியுங்கள். ஒரு மணித்தியாலம் 3,600 செக்கன். ஒரு மணித்தியால வீடியோ போட்டால் செக்கனுக்கு 10.4 மெகாபிற் கிடைக்கும். டிவிடி விதிப்படி படத்துக்கு ஆகக் கூடியது 9.8 தான், ஆகவே இது தாராளம். ஒன்றரை மணித்தியாலம் என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 7. இரண்டு மணித்தியாலம் என்றால் 5.2. நான்கு என்றால் 2.6. நான் செய்ததுபோல ஆறு மணித்தியாலம் என்றால் 1.7 தான்.

செக்கனுக்கு 1.7 மெகாபிற்றில் ஒரு கலியாண வீட்டை நடத்தச் சொன்னால் அந்தப் பெட்டி என்ன செய்யும்? டிவிடியில் படம் சுருக்கித்தான் பதியப்படுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்து, மாறியதை மட்டும் எழுதும். படத்தைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்துத்தான் அந்த வேலை நடக்கிறது. ஆள் அசையாமல் இருந்தால் எழுத அதிகம் இல்லை. ஆள் திரும்பினால், கை அசைத்தால், கமெரா ஆடினால் எழுதவேண்டியது கூடுகிறது. இருப்பு போதாதபோது அந்தச் சதுரங்களுக்குள் இருக்கும் நுணுக்கத்தை விட்டுவிட்டு வெறும் சதுரத்தை மட்டும் வைக்கும். அந்த அம்மா தொலைபேசியில் சொன்ன சதுரம் இதுதான். என் அம்மாவின் முகத்தில் விழுந்த சதுரமும் இதுதான்.

ஆகவே முதலாவது விதி: ஒரு டிவிடியில் ஒன்றிலிருந்து ஒன்றரை மணித்தியாலம். கட்டாயம் என்றால் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். மூன்று மணித்தியாலக் கசெற் என்றால் இரண்டு இறுவட்டாகப் பிரியுங்கள். தாலி கட்டு முடிந்து, விருந்து தொடங்கும் இடம் போல இயல்பான ஓரிடத்தில் பிரித்தால் பார்ப்பவருக்கும் இடைஞ்சல் இல்லை.

சத்தத்துக்கும் இந்த இருப்பிலிருந்துதான் செலவு. சுருக்காத சத்தம் என்று ஒரு தெரிவு மென்பொருளில் இருக்கும். அது செக்கனுக்கு 1.5 மெகாபிற் எடுத்துவிடும். இரண்டு மணித்தியால டிவிடியில் இது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. டொல்பி டிஜிற்றல் என்ற தெரிவில் 0.2 அல்லது 0.25 போதும். பழைய கசெற்றின் நாதஸ்வரத்துக்கு இது தாராளம். மிச்சத்தைப் படத்துக்குக் கொடுங்கள். கஞ்சத்தனம் செய்யவேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

மென்பொருள் 'நிலையான அளவு', 'மாறும் அளவு' என்று கேட்டால் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பதிவுக்கு மாறும் அளவு, இரண்டு சுற்று என்பதைத் தெரிவு செய்யுங்கள். முதற் சுற்றில் முழுப் படத்தையும் பார்த்து எங்கே அசைவு கூட, எங்கே குறைய என்று கணிக்கும். இரண்டாவது சுற்றில் தேவையான இடத்துக்குக் கூட்டியும் மற்ற இடத்துக்குக் குறைத்தும் கொடுக்கும். வருட ஆரம்பத்தில் வரவு செலவுத் திட்டம் போட்டுச் செலவழிக்கிற மாதிரி. நேரம் கூடப் பிடிக்கும். இரவு போட்டுவிட்டுப் படுங்கள்.

இந்தக் கணக்கு டிவிடிக்கு உள்ளே நடப்பது. ஆனால் டிவிடிக்கு வரும் முன்பே படம் கெட்டிருந்தால் எவ்வளவு இடம் கொடுத்தும் பயனில்லை. இன்னொன்று, கசெற்றில் இருக்கும் கீறல், புள்ளி, நடுக்கம் எல்லாவற்றையும் கணனி அசைவு என்றுதான் நினைக்கும். அம்மாவின் முகத்துக்குப் போகவேண்டிய பங்கைப் புள்ளிகள் சாப்பிட்டுவிடும். எனவே கசெற்றிலிருந்து எடுக்கும்போதே சுத்தமாக எடுக்கவேண்டும். அதை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலில், எந்தக் கசெற்? கசெற்றிலிருந்து கசெற்றுக்கு ஒவ்வொரு தடவை கொப்பி எடுக்கும்போதும் படம் மங்கும். ஆகவே மூலத்துக்கு ஆகக் கிட்டிய கசெற்றைத் தேடுங்கள். உங்களிடம் இருப்பது கொப்பியின் கொப்பியாக இருக்கலாம். நல்லது மாமியிடம் லண்டனில் இருக்கலாம், பெரியப்பாவின் மகனிடம் சிட்னியில் இருக்கலாம். நாங்கள் நாடு நாடாகச் சிதறியதால் எங்கள் கசெற்றுகளும் சிதறித்தான் இருக்கின்றன. ஒரு தொலைபேசி அழைப்பு எந்த விலையுயர்ந்த இயந்திரத்தையும் விடக் கூடிய தரம் தரும்.

இரண்டாவது, அது பாலா, என்.ரி.எஸ்.சி.யா? இலங்கை, இந்தியா, பிரித்தானியா, ஜெர்மனி, நோர்வே, அவுஸ்திரேலியா எல்லாம் பால். பிரான்சில் ஒளிபரப்பு 'செக்காம்' என்ற இன்னொரு முறையில் இருந்தது. பாலில் 625 கோடுகள், செக்கனுக்கு 25 படங்கள். என்.ரி.எஸ்.சி.யில் 525 கோடுகள், ஏறத்தாழ 30 படங்கள். ஒன்றை மற்றதாக்க வேண்டுமென்றால் கோடுகளைக் குறைக்கவேண்டும், இல்லாத படங்களை இடையில் உண்டாக்கவேண்டும். அதனால் அசைவு விக்கும், விளிம்பு மங்கும். பால் கசெற்றைப் பால் டெக்கில் ஓடவிட்டு, பால் கோப்பாகவே, அதாவது 720க்கு 576 அளவில், 25 படமாகவே எடுங்கள். இன்றைய கணனிகள் இரண்டையும் காட்டும். பழைய டிவிடிப் பெட்டிக்கு என்.ரி.எஸ்.சி. கட்டாயம் வேண்டும் என்றால், எல்லாம் முடிந்த பிறகு அந்த ஒரு கொப்பிக்கு மட்டும் மாற்றுங்கள். இங்கே பால் டெக் இல்லையென்றால் பல முறைகளையும் வாசிக்கும் டெக் உள்ள கடையைத் தேடுங்கள். இல்லையேல் லண்டனில் இருக்கும் உறவினரைக் கொண்டு அங்கேயே எடுப்பியுங்கள்.

மூன்றாவது, கசெற்றின் உடல்நிலை. நிலக்கீழ் அறையிலோ கராஜிலோ குளிரில் கிடந்த கசெற்றைக் கொண்டுவந்து உடனே டெக்கில் போடவேண்டாம். ஒருநாள் முழுக்க அறைச் சூட்டில் வையுங்கள். இல்லையென்றால் உள்ளே நீர் பிடித்து நாடா ஒட்டும். கண்ணாடி யன்னலுக்குள்ளால் நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகத் தூளோ நூலோ போலத் தெரிந்தால் அது பூஞ்சணம். அதை டெக்கில் போட்டால் அந்தக் கசெற்றும் கெடும், டெக்கும் கெடும், அடுத்துப் போடும் கசெற்றுக்கும் தொற்றும். அதைத் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்வியுங்கள். நல்ல கசெற் என்றால் முதுகுப் பக்க ஓரத்திலுள்ள சிறிய பிளாஸ்ரிக் துண்டை உடைத்துவிடுங்கள். பிறகு தவறி 'றெக்கோர்ட்' பொத்தானை அமத்தினாலும் அழியாது. ஒரு தடவை முடிவுவரை ஓடவிட்டு, திரும்பச் சுற்றியெடுங்கள். நாடா சீராகும்.

நான்காவது, டெக். கடைசியாக வி.எச்.எஸ். டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் வுனாய் நிறுவனம் 2016 யூலையில் அதை நிறுத்திவிட்டது. இப்போது இருப்பதெல்லாம் பழையவை. ஆகவே வாங்கிய டெக்கில் முதலில் தேவையில்லாத ஒரு படக் கசெற்றைப் போட்டுச் சோதியுங்கள். அது நாடாவைச் சப்பாவிட்டால் உங்கள் கசெற்றைப் போடுங்கள். தலையைச் சுத்தம் செய்யுங்கள். படத்தின் குறுக்கே கோடு ஓடினால் 'ட்ராக்கிங்' பொத்தானால் சரி செய்யுங்கள். படத்தின் ஆக அடியில் ஒரு சிறு கீற்று நடுங்கிக்கொண்டிருக்கும். அது எல்லா வி.எச்.எஸ்.ஸிலும் உள்ளது, பழைய ரி.வி.களில் சட்டத்துக்குள் மறைந்திருந்தது. பயப்படவேண்டாம். படம் மேலிருந்து கீழ்வரை வளைந்து ஆடினால், நேரத்தைச் சீர்செய்யும் 'ரைம் பேஸ் கொரெக்ரர்' உள்ள டெக் கிடைத்தால் பெரிய உதவி.

ஐந்தாவது, வயர். அன்ரெனா வயரால் எடுக்கவேண்டாம், அது ஆக மோசம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைப் பாவியுங்கள். டெக்கில் எஸ்-வீடியோ என்ற சிறிய வட்ட வாய் இருந்தால் மஞ்சளுக்குப் பதிலாக அதைப் பாவியுங்கள், நிறம் கலங்காது. மினி டிவி கசெற் வைத்திருப்பவர்கள் இந்த வயர்களைத் தொடவே வேண்டாம். அந்தக் கசெற்றில் படம் ஏற்கனவே எண்களாகத்தான் இருக்கிறது. கமெராவிலுள்ள 'ஃபயர்வயர்' வாயால் எடுத்தால் இருந்தது இருந்தபடியே கணனிக்கு வரும், இழப்பே இல்லை. புதிய கணனிகளில் அந்த வாய் இல்லை. பழைய கணனி ஒன்றை வைத்திருக்கும் நண்பரைத் தேடுங்கள்.

ஆறாவது, டிவிடிக்கு நேரே பதியாமல் முதலில் கணனியில் பெரிய கோப்பாக எடுங்கள். டிவி வடிவில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைற் வரும். வரட்டும், இன்று ஹார்ட் டிஸ்க் மலிவு. அதுதான் உங்கள் மூலப் பேரேடு. அதிலிருந்து டிவிடி செய்யலாம், தொலைபேசியில் அனுப்பச் சிறிய கோப்பும் செய்யலாம். ஒருதடவை டிவிடிக்குச் சுருக்கியதைத் திரும்பச் சுருக்கினால் நகலின் நகலாகிவிடும். எடுக்கும்போது கணனியில் வேறு வேலை செய்யவேண்டாம், இடையில் படங்கள் தவறும். முடிந்ததும் தொடக்கம், நடு, கடைசி மூன்றிலும் வாய் அசைவும் சத்தமும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஏழாவது, அலங்காரம் வேண்டாம். பழைய வீடியோ நாலுக்கு மூன்று என்ற வடிவம். அகன்ற ரி.வி. நிறைய வேண்டும் என்று இழுத்தால் ஊரில் மெலிந்திருந்த ஆட்கள் எல்லாரும் பருத்துப் போவார்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும். கூர்மையாக்கும் பொத்தானை அளவோடு தொடுங்கள். அது புள்ளியையும் சேர்த்துத்தான் கூராக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவால் பழைய படத்தைப் புதிது போலாக்கும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. என் மருமகன் செய்து காட்டினான். நல்ல பளபளப்பு. ஆனால் தெரியாத இடத்தை அது ஊகித்து நிரப்புகிறது. அம்மாவுக்கு வேறு யாரோ ஒருவருடைய கண் வந்திருந்தது. விளையாட்டுக்குச் செய்து பாருங்கள், ஆனால் மூலக் கோப்பை அப்படியே தனியாக வையுங்கள்.

இனி, எரித்து முடித்த இறுவட்டைப் பற்றி. பதியும் மென்பொருளில் ஆகக் கூடிய வேகத்தைத் தெரிவு செய்யாமல் நடு வேகத்தில் எரியுங்கள், 'சரிபார்' என்ற தெரிவையும் போடுங்கள். தனிப் பெட்டியில் பதிந்தால் 'ஃபைனலைஸ்' செய்ய மறக்கவேண்டாம். செய்யாவிட்டால் மற்றப் பெட்டிகள் அதை வாசிக்காது. மேலே ஒட்டுத்தாள் ஒட்டவேண்டாம், குமிழ்முனைப் பேனையால் எழுதவேண்டாம். இறுவட்டுக்கென்று விற்கும் மென்முனை மார்க்கரால் ஆண்டு, இடம், யாருடைய நிகழ்வு என்று எழுதுங்கள். வெயில் படாத, சூடில்லாத இடத்தில் பெட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள்.

அப்படிச் செய்தாலும் டிவிடி நிரந்தரம் அல்ல. வீட்டில் எரிக்கும் இறுவட்டில் சாயம் ஒன்றுதான் எழுதப்படுகிறது. காலம் போக அது மங்கும். இப்போது வரும் பல மடிக்கணனிகளில் இறுவட்டுப் போடும் இடமே இல்லை. பதியும் ப்ளூ-ரே இறுவட்டு, மினி டிவி கசெற் இரண்டின் உற்பத்தியையும் சோனி நிறுவனம் 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது. ஆகவே டிவிடி, ரி.வி.க்கு முன்னால் குடும்பமாக இருந்து பார்க்க. பாதுகாக்க, அந்தப் பெரிய கோப்பு இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் இருக்கவேண்டும். ஒன்று உங்களிடம், மற்றது வேறு ஊரில் இருக்கும் சகோதரரிடம். ஒரே அலுமாரியில் இரண்டு கொப்பி வைப்பது ஒரு கொப்பி வைப்பது மாதிரித்தான். வீட்டை விட்டு ஒரே நாளில் வெளிக்கிட்ட எங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ, அதைத் திறந்து ஓடுகிறதா என்று பாருங்கள்.

இதையெல்லாம் செய்ய நேரமில்லை, கடையில் கொடுக்கப் போகிறோம் என்பவர்கள் நான்கு கேள்வி கேளுங்கள். ஒரு டிவிடியில் எத்தனை மணித்தியாலம் போடுவீர்கள்? பால் கசெற்றைப் பாலாகவே எடுப்பீர்களா? பெரிய கோப்பையும் தருவீர்களா? கசெற்றைத் திருப்பித் தருவீர்களா? நான்குக்கும் நல்ல பதில் வந்தால் மட்டும் கொடுங்கள். சில பொது நூலகங்களில் பழைய கசெற்றைக் கணனிக்கு மாற்றும் கருவிகள் வைத்திருக்கிறார்கள். உங்கள் நூலகத்திலும் விசாரித்துப் பாருங்கள்.

நேயர்களே, என் கதையின் மிச்சத்தைச் சொல்லி முடிக்கிறேன். என் கணக்கை ஒருதடவை கூட்டிப் பாருங்கள். கொழும்புக் கொப்பி ஓர் இழப்பு. பாலிலிருந்து என்.ரி.எஸ்.சி. இரண்டாவது. குறைந்த வேகக் கசெற் மூன்றாவது. ஆறு மணித்தியால டிவிடி நான்காவது. முதலாவதும் இரண்டாவதும் சூழ்நிலை. மூன்றாவதும் நான்காவதும் நான் சில டொலர்களை மிச்சம் பிடித்தது.

2022 இல் லண்டனுக்குப் போனபோது தங்கச்சி வீட்டுப் பரணில் பழைய சூட்கேஸ் ஒன்றைத் திறந்தோம். அவளுக்கு வீடியோக்காரர் கொடுத்த இரண்டு கசெற்றும் அதற்குள் இருந்தன. ஒன்றில் பூஞ்சணம். மற்றது நல்லாக இருந்தது. பூஞ்சணம் பிடித்ததைச் சுத்தம் செய்யக் கொடுத்தோம். இந்த முறை நான் விலை கேட்கவில்லை. இரண்டையும் அங்கேயே பாலாக எடுப்பித்து, ஆறு மணித்தியாலத்தையும் நான்கு டிவிடியாகப் போட்டோம். இருவரும் இருந்து பார்த்தோம்.

மூன்றாவது மணித்தியாலம். சமையற்கட்டு வாசல். அம்மா திரும்புகிறார். முகம் உடையவில்லை. குங்குமப் பொட்டும், நெற்றியில் வியர்வையும் தெரிகிறது. வீடியோக்காரர் அந்த இடத்தில் சினிமாப் பாட்டுப் போட்டிருந்தபடியால் குரல் இல்லை. அது எந்தக் காலமும் கிடைக்காது. ஆனால் வாய் அசைவது தெளிவாகத் தெரிகிறது. தங்கச்சி றிமோட்டை எடுத்துத் திரும்பத் திரும்ப மூன்று நாலு தரம் போட்டாள்.

"அண்ணா, வாயைப் பாருங்கோ. 'தம்பிக்கும் ஒரு கொப்பி அனுப்புங்கோ' எண்டெல்லோ சொல்லுறா" என்றாள்.

அம்மா என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். நானும் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. இருபத்தெட்டு வருடமாக அந்தக் கொப்பி என்னிடம் இருந்தும் அவர் என்ன சொன்னார் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அந்தத் தொலைபேசி அம்மாவுக்கும் உங்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். இந்த வார இறுதியில் பரணையும் நிலக்கீழ் அறையையும் திறந்து கசெற்றுகளை வெளியே எடுங்கள். எதையும் எறியவேண்டாம். பார்க்கும்போது பெரியவர்களைப் பக்கத்தில் இருத்தி, யார் யார் நிற்கிறார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். படத்தின் தரத்தைப் பிறகும் கொஞ்சம் கூட்டலாம், பெயர் சொல்லக்கூடியவர் போய்விட்டால் அதற்கு மென்பொருள் இல்லை. செலவைப் பற்றி யோசிப்பவர்களுக்கு ஒரு கணக்காளனாக எழுதித் தருகிறேன், இது வீண் செலவு அல்ல.

சந்தேகம் இருப்பவர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் கலையகத்துக்கு அழையுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அடுத்த மாதம் வழக்கம்போல வரிக் கணக்கோடு சந்திப்போம். அதுவரை உங்களிடமிருந்து விடைபெறுகிறேன்.